எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் 2025: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 17 சனிக்கிழமை, லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் கிரிஸ்டல் பேலஸ் அணி மான்செஸ்டர் சிட்டி அணியை 1-0 என்ற கோல் கணக்கில் வென்றது. அங்கே மாலை நாலரை மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நமக்கு இரவு 9 மணி என்பதாலும், கோடை விடுமுறைக் காலம் என்பதாலும், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் பந்தாடும் பிள்ளைகள் முதல் உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களின் இளைஞர்கள் வரை வீட்டாரோடு உட்கார்ந்து பார்க்க வசதியாக அமைந்த ஆட்டம் அது. அதைப் பற்றி இன்றும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. பந்து பெரும்பாலும் ஓர் அணியிடமே இருக்க, கோப்பை மட்டும் மற்ற அணிக்குப் போனது எப்படி என்பதே பெரும்பாலான கேள்விகளுக்குள் இருக்கும் கேள்வி; அதனால் அந்த இடத்தில் பதில்கள் நீளும்.

இதுதான் இங்கிலாந்தின் லீக் பட்டத்துக்கான ஆட்டமா?

இல்லை. பிரீமியர் லீக் என்பது 20 அணிகள் ஒன்றோடு ஒன்று சொந்த ஊரில் ஒரு முறையும் வெளியூரில் ஒரு முறையுமாக மோதி, ஆளுக்கு 38 ஆட்டங்கள் ஆடி, புள்ளிகளைச் சேர்த்துப் பட்டம் பெறும் போட்டி. 2024-25 பருவத்தில் லிவர்பூல் 84 புள்ளிகளோடு அதை வென்றது. சிட்டி 71 புள்ளிகளோடு மூன்றாம் இடமும், பேலஸ் 53 புள்ளிகளோடு பன்னிரண்டாம் இடமும் பெற்றன.

எஃப்.ஏ. கோப்பை தனியானது. எஃப்.ஏ. எனப்படும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்தப் போட்டியை 1871-72இல் தொடங்கியது. இவ்வகைக் கோப்பைப் போட்டிகளில் உலகிலேயே பழமையானது. முதல் இறுதியாட்டம் 1872 மார்ச் 16 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. வாண்டரர்ஸ் அணி ராயல் எஞ்சினியர்ஸ் என்ற இராணுவ அணியை 1-0 என்று வென்றது. நம் பக்கத்தில் கோயில் கொடையையும் மாதா கோயில் திருவிழாவையும் ஒட்டி நடக்கும் நாக்-அவுட் போட்டிகளின் இலக்கணம்தான் இதற்கும்: தோற்ற அணி அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் டிவிஷன் அணிகளோடு, தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே ஆடும் சிற்றூர் அணிகளும் இதில் கலந்துகொள்வதுதான் இதன் தனிச்சிறப்பு.

முதல் டிவிஷன் அணிகள் எத்தனை ஆட்டங்கள் வென்றால் கோப்பை கிடைக்கும்?

ஆறு. சிறிய அணிகள் ஆகஸ்டு மாதமே தகுதிச் சுற்றுகளைத் தொடங்கிவிடும். பிரீமியர் லீக் அணிகள் ஜனவரியில் நடக்கும் மூன்றாம் சுற்றில்தான் இறங்கும். அந்தச் சுற்றில் 64 அணிகள் இருக்கும். பேலஸ் அந்த ஆண்டு ஸ்டாக்போர்ட் கவுண்டியை 1-0, டான்காஸ்டர் ரோவர்ஸை 2-0, மில்வாலை 3-1, ஃபுல்ஹாமை 3-0 என்று வென்று, அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவையும் 3-0 என்று தோற்கடித்தது. சிட்டி சால்ஃபோர்டு சிட்டியை 8-0 என்று நொறுக்கிய பின், லெய்டன் ஓரியன்ட் (2-1), பிளிமத் ஆர்கைல் (3-1), போர்ன்மத் (2-1) ஆகிய மூன்று ஆட்டங்களிலும் முதலில் கோல் வாங்கிப் பிறகு மீண்டு, அரையிறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 2-0 என்று வென்றது.

இந்தக் கணக்குகளைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இறுதியாட்டத்துக்கு வரும்வரை பேலஸ் வாங்கிய கோல் ஒன்றே ஒன்றுதான். லீக்கில் பன்னிரண்டாம் இடத்தில் இருந்த அணி என்று சொல்லிவிட்டுப் போவோர் இதைச் சொல்வதில்லை.

இரண்டு அணிகளும் எந்த நிலையில் இறுதிக்கு வந்தன?

சிட்டி 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை லீக் பட்டம் வென்ற அணி. ஆனால் 2024-25 அதற்குச் சரிவான பருவம். நடுக்களத்தின் அச்சாக இருந்த ரோட்ரி 2024 செப்டம்பரில் முழங்காலில் காயம்பட்டு நெடுங்காலம் ஆடவில்லை. லீக் பட்டமும் ஐரோப்பியக் கோப்பையும் கைவிட்டுப் போயின. நெடுநாள் அந்த அணிக்கு ஆடிய கெவின் டி பிராய்ன பருவ முடிவில் விலகுவதாக அறிவித்திருந்தார். எஃப்.ஏ. கோப்பையில் இது அவர்களுக்குத் தொடர்ந்து மூன்றாவது இறுதியாட்டம்: 2023இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வென்றார்கள், 2024இல் அதே அணியிடம் அதே கணக்கில் தோற்றார்கள்.

பேலஸ் அந்தப் பருவத்தின் முதல் எட்டு லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. பயிற்சியாளர் ஆலிவர் கிளாஸ்னரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்தால் வியப்பதற்கில்லை. ஆனால் நிர்வாகம் பொறுத்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிளாஸ்னர், 2022இல் ஐன்ட்ராஹ்ட் ஃபிராங்க்ஃபுர்ட் என்ற ஜெர்மானிய அணிக்கு, ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை வென்று தந்தவர். ஒரே ஆட்டத்தில் முடிவாகும் போட்டிக்கு அணியை ஆயத்தப்படுத்துவது அவருக்குப் புதிதல்ல.

ஒரே கோல் எப்படி விழுந்தது?

பதினாறாவது நிமிடத்தில். அதுவரை பேலஸ் தன் பாதியை விட்டு வெளியே வந்ததே அரிது. அதன் கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன் அதற்குள் சிட்டியின் எர்லிங் ஹாலண்டின் அடியைத் தடுக்க வேண்டியிருந்தது. பேலஸின் முதல் உருப்படியான தாக்குதலே கோலாக முடிந்தது.

நடுவில் நின்ற ஜான்-ஃபிலிப் மட்டேட்டா, எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டியபடி, தன்னை நெருக்கிய தடுப்பாட்டக்காரரை உடம்பால் மறித்துக்கொண்டு பந்தை வாங்கினார். வலது ஓரத்தில் டானியல் முனோஸ் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தார். மட்டேட்டா அவருக்குப் பந்தைக் கடத்த, முனோஸ் ஓடியபடியே நடுவே அனுப்ப, பின்னாலிருந்து வந்த எபரெச்சி எஸே பந்தை நிறுத்தாமல் ஒரே அடியில் வலைக்குள் சேர்த்தார். மூன்று பேர், சில நொடிகள். முனோஸ் பெயரளவில் தடுப்பாட்டக்காரர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஐவர் கொண்ட தடுப்பு வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவர் அவர்; பந்து கைக்கு வந்த கணமே விங்கர்போல் ஓடுபவரும் அவரே. சிட்டியின் இடதுபக்கத்தில் தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தை அவர் முன்கூட்டியே கண்டுவைத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எஸே காலிறுதியிலும் அரையிறுதியிலும் கோல் அடித்தவர். சிறுவயதில் ஆர்சனல் அணியின் இளையோர் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்டவர். இந்த வெற்றிக்குப் பின் 2025 ஆகஸ்டில் அதே ஆர்சனல் அவரைப் பெரும்பணம் கொடுத்து வாங்கியது.

கோல்கீப்பர் பெட்டிக்கு வெளியே கையால் பந்தைத் தட்டினாரே, ஏன் சிவப்பு அட்டை இல்லை?

அந்த இரவில் தொடங்கிய வாக்குவாதம் நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. முதலில் நடந்ததைப் பார்ப்போம். கோல் விழுந்த சிறிது நேரத்தில், சிட்டியின் நீண்ட பாஸ் ஒன்றை நோக்கி ஹாலண்ட் ஓடினார். ஹெண்டர்சன் முன்னேறி வந்து, ஹாலண்டின் காலுக்குப் பந்து போகாதபடி கையால் தட்டிவிட்டார். அந்த இடம் பெனால்டி பெட்டிக்கு வெளியே. பெட்டிக்கு வெளியே வந்துவிட்டால் கோல்கீப்பரும் மற்றவர்களைப்போல் ஓர் ஆட்டக்காரர்தான். கையால் தொட்டால் குற்றம்தான். களத்தில் இருந்த நடுவர் ஸ்டூவர்ட் ஆட்வெலோ அவருடைய துணை நடுவர்களோ அதைக் கவனிக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, பின்னர் வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி நடுவர் அறை அதைப் பரிசீலித்தது.

இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. வி.ஏ.ஆர். எல்லாத் தவறுகளையும் திருத்துவதற்காக இல்லை. கோல் செல்லுமா, பெனால்டி உண்டா, நேரடிச் சிவப்பு அட்டைக்குரிய குற்றமா, அட்டை தவறான ஆளுக்குக் காட்டப்பட்டதா என்ற நான்கு வகைகளில் மட்டுமே அன்றைய விதிப்படி அது தலையிடலாம். விட்டுப்போன ஃபிரீ கிக்கையோ மஞ்சள் அட்டையையோ அது கொடுக்க முடியாது. ஆகவே அந்த அறை கேட்டுக்கொண்ட கேள்வி, "கையால் தொட்டாரா?" என்பதல்ல; "தெளிவான கோல் வாய்ப்பைப் பறித்தாரா?" என்பதே.

தெளிவான கோல் வாய்ப்பு என்பதற்கு விதிப்புத்தகம் நான்கு அளவுகோல்களைச் சொல்கிறது: குற்றம் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் உள்ள தொலைவு, ஆட்டம் நகர்ந்துகொண்டிருந்த திசை, பந்தைத் தன் கட்டுக்குள் கொண்டுவரும் வாய்ப்பு, தடுக்க நிற்பவர்களின் இடமும் எண்ணிக்கையும். ஹாலண்டும் பந்தும் கோலை விட்டு ஓரமாக விலகிப் போய்க்கொண்டிருந்ததால் இரண்டாவது அளவுகோல் நிறைவேறவில்லை என்று காணொளி நடுவர் முடிவு செய்தார். சிவப்பு அட்டை இல்லை என்றானதும், அவர் கையில் வேறெந்தத் தண்டனையும் இல்லை. அதனால் குற்றம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்தும், ஒரு ஃபிரீ கிக்கூடக் கிடைக்காமல் சிட்டி ஆட்டத்தைத் தொடர வேண்டியதாயிற்று.

என் கருத்தைக் கேட்டால், விதியின் எழுத்தை வைத்துப் பார்க்கும்போது அந்த முடிவுக்கு இடமுண்டு. ஆனால் சிவப்பு அட்டை காட்டியிருந்தாலும் யாரும் நடுவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஹாலண்ட் அளவு வேகமும் நீண்ட எட்டும் உள்ளவருக்கு ஓரமாகப் போகும் பந்தைத் திருப்பிக் காலிக் கோலை நோக்கி அடிப்பது பெரிய காரியமல்ல. உண்மையான பிழை வி.ஏ.ஆர். அறையில் நடக்கவில்லை, களத்தில் நடந்தது. துணை நடுவர் கொடியை உயர்த்தியிருந்தால் குறைந்தது ஒரு ஃபிரீ கிக்காவது வந்திருக்கும். நடுவர் பேலஸ் பக்கம் சாய்ந்தார் என்று சொல்வோருக்கு இதைவிட மேலான சான்று எதுவும் இல்லை. இதுவும் சாய்வுக்குச் சான்றல்ல, கவனக்குறைவுக்கே சான்று.

பெனால்டியை ஹாலண்ட் ஏன் அடிக்கவில்லை?

முப்பத்தாறாவது நிமிடத்தில் பேலஸின் டைரிக் மிட்செல், பெர்னார்டோ சில்வாவைப் பெட்டிக்குள் வீழ்த்தியதால் சிட்டிக்குப் பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அடிப்பவர் ஹாலண்ட். அவர் பந்தை எடுத்துவிட்டுப் பின்னர் ஓமர் மர்மூஷிடம் கொடுத்தார். மர்மூஷ் அந்த ஆண்டு ஜனவரியில்தான் சிட்டிக்கு வந்தவர். அவருடைய அடியை ஹெண்டர்சன் பாய்ந்து தடுத்தார்.

கோழைத்தனம் என்று சிலர் சொல்வது மிகை. அதே போட்டியின் காலிறுதியில் போர்ன்மத்துக்கு எதிராக ஹாலண்ட் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். மனம் ஒப்பாதவர் அடிப்பதைவிட ஒப்பியவர் அடிப்பது அணிக்கு நல்லது என்பது எந்தப் பயிற்சியாளரும் ஏற்கும் நியாயம். எனினும், யார் அடிப்பது என்ற முடிவு பயிற்சியின்போதே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். தொண்ணூறாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கில், எதிரணி கோல்கீப்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பந்து கைமாறுவது அடிக்கப்போகிறவருக்கு உதவாது.

சிட்டியிடமே பந்து இருந்தது. பேலஸ் பயந்து ஒதுங்கி ஆடியதா?

ஒதுங்கி ஆடியது உண்மை. பயந்து ஆடியது என்பதை நான் ஏற்கவில்லை.

இந்த இறுதியாட்டத்தைப் புரிந்துகொள்ள ஐந்து வாரங்களுக்கு முன் நடந்த வேறோர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 12 அன்று லீக்கில் இதே இரண்டு அணிகள் மான்செஸ்டரில் மோதின. பேலஸ் துணிந்து முன்னேறி ஆடி, இருபத்தொரு நிமிடங்களுக்குள் 2-0 என்று முந்தியது. பிறகு சிட்டி ஐந்து கோல்கள் போட்டது. முடிவு 5-2. முந்திய பிறகும் இடைவெளிகளைத் திறந்துவைத்தால் டி பிராய்ன போன்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பேலஸ் அன்று நேரடியாகக் கற்றது.

மே 17இல் கிளாஸ்னர் அதே ஆட்களைக் கொண்டே வேறு கணக்குப் போட்டார். பந்து தங்களிடம் இல்லாதபோது ஐந்து பேர் பின்வரிசையில், நான்கு பேர் அவர்களுக்கு முன்னால், மட்டேட்டா மட்டும் தனியே மேலே. கிரிஸ் ரிச்சர்ட்ஸ், மாக்சென்ஸ் லக்ருவா, மார்க் கெஹி ஆகிய மூவரும் பெட்டியின் நடுப்பகுதியை விட்டு அசையவில்லை. ஓரத்தில் சிட்டியின் ஜெரமி டோக்கு எத்தனை முறை ஆளைத் தாண்டிச் சென்றாலும், அவர் அனுப்பும் பந்து வந்து விழும் இடத்தில் பேலஸின் தலை ஒன்றோ கால் ஒன்றோ இருந்துகொண்டே இருந்தது. ஓரத்தைக் கொடு, நடுவைக் கொடுக்காதே என்பதுதான் திட்டம். சிட்டியின் பயிற்சியாளர் பெப் குவார்டியோலா நடுக்களத்தில் காப்பாட்டக்காரர் என்று ஒருவரைத் தனியாக நிறுத்தாமல், தாக்குவோரையே நிறைத்து அணியை இறக்கியிருந்தார். அது பேலஸுக்கு இன்னும் வசதியாயிற்று: பந்தைப் பறித்த ஒவ்வொரு தடவையும் மட்டேட்டாவுக்கு முன்னால் மறிக்க ஆளில்லாத ஒரு வெளி இருந்தது. முதல் கோல் வந்த வழியும் அதுதான்.

நல்வாய்ப்பு இல்லையா என்றால், இருந்தது. ஹெண்டர்சனுக்குச் சிவப்பு அட்டை வந்திருந்தாலோ, மர்மூஷின் அடி உள்ளே போயிருந்தாலோ இந்தத் திட்டத்தைப் பாராட்ட இன்று ஆளிருக்காது. ஆனால் எழுபத்து நான்கு நிமிடங்களும் அதற்கு மேல் கூட்டப்பட்ட நேரமும் முன்னிலையைக் காத்து நிற்பது நல்வாய்ப்பால் மட்டும் ஆகக்கூடியதல்ல. முப்பத்தெட்டு ஆட்டங்களில் இப்படியே ஆடினால் லீக்கில் எட்டாம் இடம்கூடக் கிடைக்காது என்று சிலர் கேலி செய்கிறார்கள். அது சரிதான், இது முப்பத்தெட்டு ஆட்டங்களுக்கான திட்டமல்ல, ஒரே ஓர் ஆட்டத்துக்கானது. கோப்பைப் போட்டி கேட்பதும் அவ்வளவுதான்.

பேலஸின் இரண்டாவது கோல் ஏன் செல்லவில்லை?

இடைவேளைக்குப் பின் முனோஸ் பந்தை வலைக்குள் போட்டார். அதற்கு முந்தைய அசைவில் பேலஸின் இஸ்மாயிலா சார் ஆஃப்சைடு நிலையில் (எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி) நின்று ஆட்டத்தில் இடைபட்டதாக வி.ஏ.ஆர். கண்டதால் அது நீக்கப்பட்டது. இதில் சர்ச்சை இல்லை.

முடிவில் ஏன் பத்து நிமிடம் கூட்டினார்கள்? அதுதான் எக்ஸ்ட்ரா டைமா?

இரண்டும் வேறு. வி.ஏ.ஆர். பரிசீலனை, மாற்று ஆட்டக்காரர்கள் இறங்குவது, காயத்துக்குச் சிகிச்சை ஆகியவற்றால் வீணான நேரத்தை அந்தந்தப் பாதியின் முடிவில் நடுவர் கூட்டுவார். இரண்டாம் பாதியில் பேலஸ் கேப்டன் கெஹி காயம்பட்டு வெளியேறியது உள்பட நிறுத்தங்கள் பல இருந்ததால் பத்து நிமிடம் கூட்டப்பட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் பேலஸ் ரசிகர்கள் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எக்ஸ்ட்ரா டைம் என்பது 90 நிமிடமும் கூட்டிய நேரமும் முடிந்து சமநிலையில் இருந்தால் மட்டும் ஆடப்படும் முப்பது நிமிடம். அதிலும் முடிவு வராவிட்டால் பெனால்டி. முன்பெல்லாம் இறுதியாட்டம் சமனானால் வேறொரு நாளில் மறு ஆட்டம் ஆடுவார்கள். கடைசியாக அப்படி நடந்தது 1993இல், ஆர்சனலுக்கும் ஷெஃபீல்டு வென்ஸ்டேவுக்கும் இடையில். 2005இல் முதல் முறையாக இறுதியாட்டம் பெனால்டியில் முடிந்தது. ஆர்சனல் மான்செஸ்டர் யுனைடெட்டை வென்றது. 2024-25 முதல், முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் நீக்கப்பட்டுவிட்டன. நம் ஊர்ப் போட்டிகளில் நேரமும் வெளிச்சமும் போதாமல் நேரே பெனால்டிக்குப் போவது வழக்கம். அங்கே நீக்கியதற்குக் காரணம் ஆட்டங்களின் நெருக்கடி. மறு ஆட்டத்தில் கிடைத்த நுழைவுக்கட்டணத்தை நம்பியிருந்த சிறிய கிளப்புகளுக்கு இது பெரிய இழப்பு.

பேலஸ் இதற்கு முன் எந்தப் பெரிய கோப்பையும் வென்றதில்லையா?

இல்லை. 1905இல் தொடங்கப்பட்ட கிளப்புக்கு 2025இல் கிடைத்ததுதான் முதல் பெரிய கோப்பை. அதற்கு முன் இரண்டு முறை இதே இறுதியாட்டம் வரை வந்து, இரண்டு முறையும் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றார்கள். 1990இல் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இயன் ரைட் இரண்டு கோல் அடித்தும் ஆட்டம் 3-3 என்று முடிய, மறு ஆட்டத்தில் 0-1 என்று வீழ்ந்தார்கள். 2016இல் ஜேசன் பஞ்சனின் கோலால் எழுபத்தெட்டாவது நிமிடத்தில் முந்தி, மூன்றே நிமிடத்தில் சமன் வாங்கி, எக்ஸ்ட்ரா டைமில் 1-2 என்று தோற்றார்கள். ஆலன் பார்டியூ என்பவர் 1990இல் ஆட்டக்காரராகவும் 2016இல் பயிற்சியாளராகவும் இரண்டு தோல்விகளையும் கண்டவர்.

கோப்பையை வென்றும் யூரோப்பா லீக்கில் ஆட விடவில்லையாமே?

உண்மை, கேட்கக் கசப்பானதும்கூட. எஃப்.ஏ. கோப்பையை வெல்லும் அணிக்கு அடுத்த ஆண்டு யூரோப்பா லீக்கில் இடம் உண்டு. ஆனால் ஒரே உரிமையாளரின் தீர்க்கமான செல்வாக்கில் இருக்கும் இரண்டு கிளப்புகள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆடக் கூடாது என்பது ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் விதி. அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் டெக்ஸ்டரின் நிறுவனத்துக்குப் பேலஸிலும் பிரான்சின் லியோன் கிளப்பிலும் பங்கு இருந்தது. லியோனும் யூரோப்பா லீக்குக்குத் தகுதி பெற்றிருந்தது. தத்தம் நாட்டு லீக்கில் மேலான இடம் பெற்ற அணிக்கே முன்னுரிமை என்பதால், ஆறாம் இடம் பெற்ற லியோன் தங்கியது. பன்னிரண்டாம் இடம் பெற்ற பேலஸ், மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டது. பேலஸ் விட்ட யூரோப்பா இடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போயிற்று.

டெக்ஸ்டர் பின்னர் தம் பங்கை விற்றார். ஆனால் உரிமை நிலையைச் சரிசெய்யக் கடைசி நாள் 2025 மார்ச் 1 என்று வைத்திருந்தார்கள். அதே நாளில்தான் பேலஸ் ஐந்தாம் சுற்றில் மில்வாலை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. மட்டேட்டா எதிரணிக் கோல்கீப்பரின் காலால் மிதிபட்டுக் காதில் பலத்த காயத்தோடு களத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டதும் அன்றுதான். கோப்பை வெல்லும் எண்ணமே எட்டாத தொலைவில் இருந்த ஒரு நாளில், கோப்பை வென்றால் வரக்கூடிய சிக்கலுக்குப் பத்திரம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்துக்குப் பொருந்தலாம். ரசிகனுக்கு அது எப்படிப் பொருந்தும்? விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமும் ஆகஸ்டு 11 அன்று பேலஸின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. அதற்கு முந்தைய நாள், லீக் வெற்றியாளரும் கோப்பை வெற்றியாளரும் மோதும் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில் பேலஸ் லிவர்பூலைப் பெனால்டியில் வென்றிருந்தது.

ஆட்டம் தொடங்கும்முன் பாடும் பாட்டு என்ன?

'அபைட் வித் மீ'. 1927 முதல் இறுதியாட்டத்துக்கு முன் பாடப்பட்டுவரும் கிறித்தவ மாலைப் பாமாலை அது. பாளையங்கோட்டை ஆலயங்களில் பழகிய காதுகளுக்கு அந்த மெட்டு புதிதாக இராது. அந்த 1927 ஆட்டத்தில்தான் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி ஆர்சனலை வென்று, ஒரே முறையாகக் கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுபோனது.

இந்தியாவில் இதுபோன்ற கோப்பை உண்டா? தமிழ்நாட்டு அணி இறுதிக்கு வந்திருக்கிறதா?

உண்டு. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டியூரண்ட் கோப்பை மிகப் பழையது. கிளப்புகளுக்கான தேசியக் கோப்பை என்ற நிலையில் 1977 முதல் 2017 வரை ஃபெடரேஷன் கோப்பை இருந்தது. 2018 முதல் அந்த இடத்தில் சூப்பர் கோப்பை நடக்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் அதிகம் பேசும் சந்தோஷ் டிராபி மாநில அணிகளுக்கானது, கிளப்புகளுக்கானது அல்ல.

2019 சூப்பர் கோப்பையில் தமிழ்நாட்டின் இரண்டு அணிகள் அரையிறுதிக்கு வந்தன. அந்த ஆண்டின் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் சாம்பியனான சென்னை சிட்டி, எஃப்.சி. கோவாவிடம் தோற்றது. 'சென்னையின் எஃப்.சி.' என்ற மற்றோர் அணி இறுதிக்கு முன்னேறி, ஏப்ரல் 13 அன்று புவனேசுவரத்தில் அதே கோவாவிடம் 1-2 என்று தோற்றது. இடைவேளை வரை கோல் இல்லை. பிறகு கோரோமினாஸ் கோவாவுக்கு ஒன்று போட, ரஃபேல் அகஸ்டோ சென்னைக்குச் சமன் செய்ய, பிராண்டன் ஃபெர்னாண்டஸ் முடித்துவைத்தார். அந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் சென்னையின் எஃப்.சி. பத்து அணிகளில் பத்தாவதாக வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், லீக் அட்டவணையை வைத்துக் கோப்பை ஆட்டத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு லண்டன்வரை போக வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு பேலஸ் கோப்பையைக் காத்துக்கொண்டதா?

இல்லை. 2026 ஜனவரி 10 அன்று, தான் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே, ஆறாம் படிநிலையில் ஆடும் மேக்கிள்ஸ்ஃபீல்டு என்ற சிறிய அணியிடம் 1-2 என்று தோற்று வெளியேறியது. நடப்புச் சாம்பியனை லீக்குக்கு வெளியே உள்ள அணி ஒன்று வென்றது 1909க்குப் பின் அதுவே முதல் முறை. 1909இல் அப்படி வென்ற அணி எது தெரியுமா? அன்று சிறிய அணியாக இருந்த கிரிஸ்டல் பேலஸ்தான். தோற்றது உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ்.

பந்தாடும் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தில் எதைப் போட்டுக் காட்டலாம்?

கோல் அடித்த காலை மட்டும் காட்ட வேண்டாம். பிள்ளைகள் அதைத் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். பேலஸின் ஐவர் வரிசை பந்து இடம் மாறும்போதெல்லாம் எப்படி ஒன்றாக நகர்கிறது என்பதை ஒலியை அணைத்துவிட்டு இரண்டாம் பாதியில் ஒரு பத்து நிமிடம் பார்க்கச் சொல்லலாம். பிறகு அந்தப் பதினாறாவது நிமிடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, மட்டேட்டாவின் காலுக்குப் பந்து வரும் கணத்தில் முனோஸ் எங்கே இருக்கிறார், எஸே எங்கே இருக்கிறார் என்று கேட்கலாம். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் மைதானத்தில் மூன்று மூன்று பேராக நிறுத்தி அதையே செய்து பார்க்கலாம்: ஒருவர் முதுகைக் காட்டிப் பந்தை வாங்கிக் கடத்த வேண்டும், இரண்டாமவர் அவர் வாங்குவதற்கு முன்பே வலது ஓரத்தில் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும், மூன்றாமவர் நடுவே வரும் பந்தை நிறுத்தாமல் அடிக்க வேண்டும்.